டீ ஸ்ட்ராங், மழை ஹெவி

பலத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் நமக்குச் சட்டென்று வரும் சொல் 'ஸ்ட்ராங்'. ஆளுக்கும் கயிற்றுக்கும் சொல்லும்போது சிக்கலே இல்லை. மற்ற இடங்களில்தான் கவனம் வேண்டும்.

டீ, காபி, வாசனை, காற்று எல்லாமே ஸ்ட்ராங்தான். ஆனால் மழைக்கு ஹெவி ரெயின், காய்ச்சலுக்கு ஹை ஃபீவர். காரில் இருப்பது பவர்ஃபுல் எஞ்சின். டீயை மட்டும் யாரும் பவர்ஃபுல் என்பதில்லை. இதற்கெல்லாம் இலக்கண விதி தேடி அலைய வேண்டாம். பெயர்ச்சொல்லோடு சேர்த்து ஜோடியாகவே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், அதுதான் சுலபமான வழி.

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். 'ஸ்ட்ராங் லாங்குவேஜ்' என்றால் பெரும்பாலும் கெட்ட வார்த்தை. ஆங்கிலப் படங்களின் ஆரம்பத்தில் வரும் எச்சரிக்கையிலும் அதே பொருள்தான். மொழித் திறமையைச் சொல்ல 'ஸ்ட்ராங் லாங்குவேஜ் ஸ்கில்ஸ்' என்று எழுதுங்கள். கடைசியில் வரும் அந்த ஒரு சொல் அவ்வளவு முக்கியம்!

எண்ணோடு சேர்ந்தால் இது ஆள் கணக்கு. '40 ஸ்ட்ராங் டீம்' என்றால் 40 பேர் கொண்ட குழு, பலத்துக்குச் சம்பந்தமில்லை. வயதானவரையோ பழைய கடையையோ 'ஸ்டில் கோயிங் ஸ்ட்ராங்' என்றால், இன்னும் நன்றாகவே நடமாடுகிறார், நன்றாகவே ஓடுகிறது என்று அர்த்தம்.

அப்புறம், ஒப்பிடும்போது 'மோர் ஸ்ட்ராங்' வேண்டாம், 'ஸ்ட்ராங்கர்' போதும்.