சூடேறிய இன்ஜெக்டரும் கசிந்த வால்வும்

வேல்ஸின் டாலிலின் ரயில்பாதையை 1951-இல் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தத் தொடங்கியதிலிருந்து பிரிட்டனில் வேரூன்றிவிட்ட வழக்கத்தின்படி, நானும் பழைய நீராவி எஞ்சின் ஒன்றைப் பயணிகள் சேவைக்குத் திருப்பும் குழுவில் வேலை செய்கிறேன். கொதிகலன் சோதனைகளில் தேறிய பின்னும், வலப்பக்க இன்ஜெக்டர் (நீராவியின் வேகத்தால் கொதிகலனுக்குள் தண்ணீர் ஊட்டும் கருவி) தண்ணீரை உள்ளே செலுத்தாமல் வழிகுழாயில் நீராவியைக் கக்கிக்கொண்டிருந்தது. கொதிகலனுக்குத் தண்ணீர் ஊட்ட இரண்டு வழிகள் இருந்தே ஆக வேண்டும் என்பதால், இதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்க இயலாது.

இன்ஜெக்டரையே கழற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீராவி குளிர்ந்து நீராகும்போதுதான் அதன் வேகம் தண்ணீருக்கு மாறும். கருவியின் உடலே கொதித்தால் அது நடக்காது. இன்ஜெக்டர் மூடியிருந்தபோதும் கொதிகலனுக்குச் செல்லும் குழாய் கைவைக்க முடியாதபடி சுட்டதால், கொதிகலனின் சுடுநீரைக் குழாய்க்குள் திரும்பவிடக் கூடாத கிளாக் வால்வுதான் கசிகிறது என்று புரிந்தது.

கொதிகலன் முற்றிலும் ஆறி, அழுத்தம் பூஜ்யமான பிறகே (இதில் அவசரப்பட்டால் உயிருக்கே உலை வைத்துவிடும்) அந்த வால்வின் மூடியைத் திறந்தோம். வால்வு படிந்து மூடும் வெண்கல இருக்கையின் ஓரத்தில் உப்புப் படிவம் கெட்டிப்பட்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, தேய்ப்புப் பசை தடவி, வால்வை முன்னும் பின்னுமாகச் சுழற்றி, இருக்கையைச் சுற்றி விட்டுப்போகாத ஒரே சாம்பல் நிற வளையம் விழும்வரை தேய்த்தேன். பசையைத் துளியும் விடாமல் துடைத்துப் பூட்டியபின், அடுத்த முறை நீராவி ஏற்றியபோது இன்ஜெக்டர் திறந்தவுடன் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. இடப்பக்க வால்வையும் இதோடு தேய்த்துவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.