கனடாவில் முற்றம் போடும் முன்: "இதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லாதீர்கள்

தக்கலை பக்கம் எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆறு வாரம் லீவு. வந்ததிலிருந்து மூன்று வீட்டுப் பிள்ளைகள் கனடா போவதைப் பற்றி விசாரித்துவிட்டார்கள். ஒருவர் மார்த்தாண்டம், இருவர் நாகர்கோவில். சின் நம்பர், ஹெல்த் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், வாடகை வீடு இதையெல்லாம் பலபேர் எழுதிவிட்டார்கள், நீங்களும் படித்திருப்பீர்கள். வீடு வாங்கிய முதல் கோடையில் என் கையைச் சுட்ட விஷயத்தை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முற்றம் போடுவதும் புல் விரிப்பதும் ஒரு பெரிய விஷயமா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் ஒன்டாரியோவுக்கு மட்டும். வேறு மாகாணத்துக்குப் போகிறவர்கள் அங்கே உள்ளதைப் பாருங்கள்.

அலுவல் சமாச்சாரங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு முன்னால், ரோட்டை ஒட்டிய புல்வெளி உங்களுடையது மாதிரி இருக்கும், ஆனால் அதில் ஒரு பட்டை நகராட்சிக்குச் சொந்தம். அதில் கல் பதிக்கக் கூடாது. கார் நிறுத்தும் பாதையை அகலப்படுத்த பெர்மிட் வேண்டும். மண்ணைத் தோண்டும் முன் 'ஒன்டாரியோ ஒன் கால்' என்ற அமைப்பிடம் குறைந்தது ஐந்து வேலை நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். காசு கிடையாது. ஆள் வந்து கேஸ் பைப் போகும் இடத்தில் மஞ்சள், கரண்ட் போகும் இடத்தில் சிவப்பு, தண்ணீர்க் குழாய்க்கு நீலம் என்று பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். மீட்டரைத் தாண்டி உங்கள் வீட்டுக்குள் போகும் தனி லைனை, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயை அவர்கள் குறிக்க மாட்டார்கள். அதை உடைத்தால் யார் பொறுப்பு என்று நிபந்தனையில் பாருங்கள். முக்கால்வாசி ஒப்பந்தத்தில் நீங்கள்தான் பொறுப்பு என்று இருக்கும். காண்ட்ராக்டரிடம் இன்சூரன்ஸ் தாளும், தொழிலாளர் காப்பீடான டபிள்யூ.எஸ்.ஐ.பி. கிளியரன்ஸ் தாளும் கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லும் ரேட்டுக்கு மேல் 13 சதவீதம் எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி வரும். "கேஷ் தந்தால் வரி வேண்டாம்" என்பவரிடம் போகாதீர்கள். நாளைக்குக் கல் அமிழ்ந்தால் காட்ட உங்களிடம் ரசீது இருக்காது.

கல் பதிப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் முற்றத்துச் செம்மண்ணைத் தட்டி, எம்சாண்ட் பரப்பி இன்டர்லாக் கல் பதித்தால் வருஷக்கணக்கில் கிடக்கும். இடவப்பாதி மழையையும் துலாம் மழையையும் சேர்த்துத் தாங்கும். அங்கே மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து, ஊதி, கல்லை மேலே தூக்கும். வசந்தத்தில் உருகும்போது கல் ஒருபக்கம் அமிழும். அதனால் அடியில் ஜல்லி எத்தனை அங்குலம், எத்தனை அடுக்காகத் தட்டுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் எண்ணாக இருக்க வேண்டும். "தரமான அடித்தளம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, இனி என் கதை.

வீட்டுக்குப் பின்னால் 300 சதுர அடி கல் பதிக்க, மீதி இடத்தில் புல் விரிக்க 8,400 டாலருக்குப் பேசினோம். வரியோடு 9,492. போனில் ஒரு லிங்க் அனுப்பினார்கள். பதினான்கு பக்க நிபந்தனை. வேலைக்கு நடுவே ஒரு இடைவேளையில் கீழே வரை விரலால் தள்ளி, கட்டத்தில் டிக் போட்டு, அட்வான்ஸ் கட்டினேன்.

அந்தக் கோடையில் அப்பா, பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த வீட்டைக் கட்டும்போது அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து பால் காய்ச்சிய நாள் வரை கூடவே நின்றவர். நம் ஊரில் வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொத்தனாரும் இரண்டு கையாளும் வருவார்கள். பதினொரு மணிக்கு ஒரு காப்பி, ரசவடை. "ஏ கொத்தனாரே, அப்படியே அந்தத் துவைகல்லையும் கொஞ்சம் பூசிவிடும்" என்போம். பூசிவிடுவார். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது நாமும் பார்த்துக் கையில் கூடக் கொடுப்போம். அவர் கேட்கவும் மாட்டார், நாம் கொடுக்காமல் விடவும் மாட்டோம். அந்தக் கணக்கு இரண்டு பேர் மனதிலும் இருக்கும்.

பிராம்ப்டனில் அப்பா அதையேதான் செய்தார். நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய்விடுவோம். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியில் காப்பி போட்டு, நான்கு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, தட்டில் வைத்துப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வந்த மூன்று பையன்களும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவித் திருப்பித் தந்தார்களாம். அதைச் சாயங்காலம் என்னிடம் எத்தனை சந்தோஷமாகச் சொன்னார்! அந்தப் பழக்கத்தில், காய்ந்துபோன செர்ரி மரத்தின் அடிக்கட்டையைக் காட்டி இதைப் பிடுங்கிவிட முடியுமா என்றார். கூரைத் தண்ணீர் சுவர் ஓரமாகவே விழுகிறது, ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விடுங்கள் என்றார். தோட்டச் சாமான் போடும் தகரக் கொட்டகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, தூக்கி மட்டம் பார்த்து வைக்கலாமே என்றார். மூன்றும் சரியான யோசனைகள். அந்தச் சுவர் ஓரத் தண்ணீரை நான் குடிவந்த நாளிலிருந்து பார்த்தும் பார்க்காமல் இருந்தவன். மேற்பார்வைக்கு வந்தவர் ஒவ்வொன்றுக்கும் "ஷ்யூர், அங்கிள்" என்றாராம்.

பில் வந்தது. கூடுதல் வேலை மூன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆள், குறைந்தபட்சம் நான்கு மணி நேரம், ஆளுக்கு மணிக்கு 75 டாலர். ஒரு வேலைக்கு 900, மூன்றுக்கு 2,700. தோண்டிய மண்ணை அள்ளிப்போக 350. வரியோடு 3,446 டாலர் 50 சென்ட். கொட்டகையைத் தூக்கி வைக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்று அப்பா சொன்னார். மண்ணுக்குக் காசு என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. நம் ஊரில் ஒரு லோடு மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அங்கே கொண்டுபோகக் காசு கொடுக்க வேண்டும்.

ஆபீசுக்குப் போன் செய்தேன். நிபந்தனையின் பதினோராவது பத்தியைப் படியுங்கள் என்றார்கள். படித்தேன். வேலை நடக்கும் இடத்தில் வீட்டு உரிமையாளரோ, வீட்டில் இருக்கும் வயது வந்த வேறு யாருமோ வாயால் கேட்டாலும் அது கூடுதல் வேலைக்கு ஒப்புதல், மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலியோடு பில் போடப்படும் என்று இருந்தது. நான் டிக் போட்ட தாள்தான்.

இந்தப் பத்தியைத்தான் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். 'எக்ஸ்ட்ரா ஒர்க்', 'சேஞ்ச் ஆர்டர்', 'அடிஷனல் சர்வீசஸ்' என்று எந்தத் தலைப்பிலும் இருக்கும். யார் சொன்னால் வேலை கூடும், எழுத்தில் வேண்டுமா, வாய்வார்த்தை போதுமா, குறைந்தபட்ச நேரம் எவ்வளவு என்ற நான்கையும் பாருங்கள்.

சட்டம் நமக்கு உதவாமல் இல்லை. ஒன்டாரியோவின் 2002-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எஸ்டிமேட் இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் உண்டு: இரண்டு தரப்பும் சம்மதித்து வேலையைக் கூட்டினால் எஸ்டிமேட்டையும் மாற்றிக்கொள்ளலாம். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இது எஸ்டிமேட் தாண்டியது அல்ல, புது வேலை, உங்கள் அப்பா கேட்டார் என்றார்கள். ஒப்பந்தத்தில் என் அப்பா ஒரு தரப்பே அல்ல, விலை என்ன என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை என்று நான் எழுதினேன். போனில் பேசியவரை நான்கு வாரம் ஓடியது. தேதி போட்டு, சட்டத்தைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிய மூன்றாம் நாள் இறங்கி வந்தார்கள். கட்டைக்கு 900 அப்படியே, மற்ற இரண்டுக்கும் ஒரு மணி நேரக் கூலி, மண்ணுக்கு 350. வரியோடு 1,921 டாலர் கட்டினேன். ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட் இருக்கிறது, 2025 அக்டோபர் முதல் 50,000 டாலர் வரையான வழக்கை அங்கே கொண்டுபோகலாம். எனக்கு அதற்கு மனமில்லை.

ஏனென்றால் அதற்குள் அப்பா பென்ஷன் பணத்தை மாற்றித் தருகிறேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மீதி இருந்த இரண்டு மாதமும் பின்வாசல் கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் வேலி போட ஆள் வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார், கீழே இறங்கவில்லை. கொடுத்த காசுக்காக எனக்கு இன்றைக்குக் கோபமில்லை. வேலைக்காரருக்குக் காப்பி போட்டுக் கொடுத்த ஒரு மனிதரை அந்தப் பத்தி அப்படி ஒடுக்கியதற்குத்தான் கோபம். இன்னும் போகவில்லை.

இப்போது இங்கே மதில் கட்டிக்கொண்டிருக்கிறோம். நேற்று கொத்தனார், கிணற்றங்கரைப் பக்கம் ஒரு படி கூடப் போட்டுவிடவா சாரே என்று கேட்டார். "எவ்வளவு ஆகும் என்று முதலில் சொல்லும்" என்றார் அப்பா. கொத்தனார் கரண்டியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர். நான் பேச்சை மாற்றினேன்.

அதனால் அப்பா அம்மா வரும் சமயத்தில் வேலை வைக்கிறவர்கள், அவர்களை உள்ளே இருக்கச் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தை மாற்றுங்கள். டிக் போடும் முன் ஒரு மின்னஞ்சல் போதும்: கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதி அனுப்பி, நான் பதில் எழுதிச் சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும், வீட்டில் உள்ள வேறு யார் கேட்டாலும் அது ஒப்புதல் ஆகாது. இதற்கு "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் வேலி போட்டவரிடம் இப்படித்தான் கேட்டேன், ஒரு பேச்சும் பேசாமல் ஒத்துக்கொண்டார். அப்புறம் வேலை நடக்கும் நாள்களில் ராத்திரி, அன்றைக்கு என்ன நடந்தது என்று இரண்டு வரி நீங்களே அனுப்புங்கள், போட்டோவோடு.

உங்கள் வீட்டில் வைத்து நேரில் பேசிக் கையெழுத்திட்டிருந்தால், 50 டாலருக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்தையும் அதன் எழுத்துப் பிரதி கைக்கு வந்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். என்னைப் போல் போனில் டிக் போட்டவர்களுக்கு அந்த வசதி அதே மாதிரி கிடையாது. ஆகவே வீட்டுக்கு வரச் சொல்லி, உட்கார வைத்துப் பேசுங்கள்.

முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். 10 சதவீதத்தை நிறுத்திவைப்பது அங்கே கட்டுமானச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் காண்ட்ராக்டர் தனக்குக் கல் கொடுத்தவருக்கோ, கீழே வேலை செய்தவருக்கோ பணம் கொடுக்காவிட்டால், அவர்கள் வேலை முடிந்து 60 நாளுக்குள் உங்கள் வீட்டின் மேல் லீன், அதாவது தங்களுக்கு வரவேண்டிய பாக்கிக்கு வீட்டைப் பிணையாக்கும் உரிமை, பதியலாம். நீங்கள் பணம் முழுக்கக் கொடுத்திருந்தாலும் பதியலாம். நம் ஊரில் கேள்விப்படாத விஷயம் இது.

செடிக்கு ஒரு வருஷம் கேரண்டி என்பார்கள். தண்ணீர் விடாமல் வாடினால் கிடையாது என்று அடியில் இருக்கும், அதனால் தண்ணீர் விட்ட தேதியைக் குறித்து வையுங்கள். கறிவேப்பிலையை வெளியே மண்ணில் வைக்கச் சொல்லாதீர்கள், முதல் குளிரிலேயே போய்விடும். தொட்டியில் வைத்து செப்டம்பரில் உள்ளே எடுங்கள். என்னுடையது ஜன்னலோரம் நான்கு வருஷமாக நிற்கிறது, சாம்பாருக்கு இரண்டு கொத்து கிள்ளலாம்.

புல் வெட்ட வருகிறவர்களே குளிர்காலத்தில் பனி அள்ளுகிற ஒப்பந்தமும் தருவார்கள். அது வருஷா வருஷம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று இருந்தால், நிறுத்தச் சொல்ல வேண்டிய கடைசித் தேதியைக் கையெழுத்துப் போடும் அன்றே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி பெரும்பாலும் பனி பற்றி யாரும் நினைக்காத வெயில் மாதத்தில் வரும்.