மினாவுக்குச் சின்ன பை போதும்

ஹஜ் கிளாஸ்ல கஃபாவைச் சுத்தற தவாஃப், ஸஃபா-மர்வா நடுவே நடக்கற ஸஃயி, துஆ எல்லாம் நல்லாவே சொல்லித் தர்றாங்க. மக்கா பக்கத்துல ஹாஜிகள் தங்கற மினா கூடாரத்துல எப்படித் தூங்கறது, எப்போ பாத்ரூம் போறதுன்னு மட்டும் யாரும் வாயைத் திறக்கறதில்லை. முட்டிவலி உள்ள உம்மாவைக் கூட்டிட்டுப் போனவ நான், அதனால அதைத்தான் எழுதறேன்.

துல்ஹஜ் மாசம் பிறை 8-ல மினாவுக்குக் கிளம்பும்போது பெரிய பெட்டி ரூம்லயே இருக்கட்டும். கூடாரத்துல உங்களுக்குன்னு கிடைக்கிறது ஒரு மெத்தை அகலம்தான். கால்மாட்டுல ஒரு முதுகுப்பை வெச்சா அதோட இடம் சரி. சாப்பாட்டுக்காகப் பையை நிரப்பாதீங்க, பசியோட யாரும் இருக்க மாட்டீங்க. ஒரு மெல்லிய சால்வை அவசியம். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஏசிக்கு நேரா படுத்தவங்க நடுங்குவாங்க. ஹஜ்ஜில் சண்டை சச்சரவு கூடாதுன்னு குர்ஆன் (2:197) சொல்றதை ஏசி விஷயத்துல ரொம்பவே நினைச்சுக்கணும்.

இப்போ பாத்ரூம். பாங்கு சொன்னதும் போனா வரிசை நகரவே நகராது. தொழுகை முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் போங்க, இல்லேன்னா பின்னிரவுத் தொழுகையான தஹஜ்ஜத் நேரத்துக்கும் முன்னாடி எழுந்துடுங்க. கக்கூஸும் குளியலும் ஒரே அறைதான், தரை எப்பவும் ஈரம். துணி வைக்க இடம் கிடைக்காது. மாற்றுத்துணி, வாசனையில்லாத சோப்பு, துண்டு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு, கழுத்துல மாட்டற மாதிரி நீளமான கயிறு கட்டிக்கோங்க. உம்மாவுக்குக் குந்தி எழுந்திரிக்க முடியாது. அதனால நான் கதவுக்கு வெளியே நின்னு, கூப்பிட்டதும் கை கொடுப்பேன். வயசானவங்க கூட ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். வரிசைக்குப் பயந்து தண்ணி குடிக்காம மட்டும் இருந்துடாதீங்க. 2024 ஹஜ்ஜில் மஸ்ஜிதுல் ஹராம்ல 51.8 டிகிரி வரை போச்சு, 1300 பேருக்கும் மேல மவுத்தாயிட்டாங்க, இறந்துட்டாங்க. ஓஆர்எஸ் பாக்கெட்டும் வெள்ளைக் குடையும் கையோட இருக்கட்டும். இஹ்ராம்ல, அதாவது ஹஜ்ஜுக்கான கட்டுப்பாட்டு நிலையில, ஆண்கள் தலையை மூடக்கூடாது, ஆனா குடை பிடிக்கலாம். தொடை உரசிப் புண்ணாகறது ஆண்களுக்குத்தான் அதிகம். நடக்கறதுக்கு முன்னாடியே வாசனையில்லாத வாஸ்லின் தடவிக்கச் சொல்லுங்க.

மறுநாள் போற அரஃபா மைதானத்துல, திரும்பப் பஸ் ஏறறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு ஏறுங்க. பஸ் எப்போ அன்னிக்கு ராத்தங்கற முஸ்தலிஃபா போய்ச் சேரும்னு டிரைவருக்கே தெரியாது. அங்க கூடாரம் இல்லை, வெட்டவெளி. மடிக்கிற பாய், காத்தடிக்கிற தலையணை, ஒரு பாட்டில் தண்ணி, அவ்வளவுதான். மஃரிபும் இஷாவும் சேர்த்துத் தொழுதுட்டு, மினாவுல ஜம்ராத் தூண்கள்ல எறிய, கொண்டைக்கடலை அளவுல கல் பொறுக்கிக்கோங்க. பிறை 12-ல கிளம்பறவங்களுக்கு 49, 13 வரை தங்கறவங்களுக்கு 70. கீழே விழும், அதனால கூட நாலஞ்சு. பொறுக்கினதும் படுத்துடுங்க, காலையில நடை காத்திருக்கு.

ஜம்ராத்துக்குக் குழுவுக்குக் கொடுத்த நேரத்துலயே போங்க. திரும்பி வரும்போது எல்லாக் கூடாரமும் ஒரே வெள்ளை. பக்கத்துல இருக்கிற கம்பத்தோட நம்பரை போட்டோ எடுத்தா மட்டும் போதாது, சார்ஜ் தீர்ந்துட்டா போச்சு. நான் ஒரு அட்டையில கம்பம் நம்பர், கூடார நம்பர், என் போன் நம்பர் மூணையும் எழுதி, உம்மாவோட கழுத்துப்பையில அடையாள அட்டைக்குப் பின்னாடி வெச்சுட்டேன்.