நாற்காலி வாங்கும் முன் மேஜையை அளந்து பாருங்கள்

"அக்கா, 14,000 ரூபாய் போட்டு நாற்காலி வாங்கியும் தோள்பட்டை வலி போகலையே!"

சென்னை தரமணியில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் கேட்டாள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்காக, முதல் சம்பளத்தில் வாங்கியதாம். ஒன்பது வருஷத்துக்கு முன் நானும் இதே கூத்தை அடித்தவள்தான். நிமிர்ந்து உட்கார், நடுநடுவே எழுந்து நட என்பதையெல்லாம் அவளுடைய அம்மாவே சொல்லியிருப்பார். நான் அதற்குள் போகவில்லை. நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மேஜையை மறப்பது

கடையில் கிடைக்கும் மேஜைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். நான் 5 அடி 2 அங்குலம். பாதம் தரையில் பதிய உட்கார்ந்து தோளைத் தளர்த்தினால், என் முழங்கை தரையிலிருந்து 62 செ.மீ.தான். மிச்சம் 13 செ.மீ.க்கு நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே தட்டச்சு செய்திருக்கிறேன். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை எட்டு மணி நேரம் இறுகிக் கிடந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? இது புரியாமல் நாற்காலியை மாற்றினேன், தலையணையை மாற்றினேன், பிசியோதெரபிக்கு வேறு அழுதேன். அங்கே மூன்றாவது நாள்தான் சிகிச்சை கொடுத்த அம்மா கேட்டார்: "மேஜை எவ்வளவு உயரம்மா?"

சரி, நாற்காலியை ஏற்றினேன். கால் தொங்கியது. இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தி, அரை மணியில் பாதம் மரத்துப்போனது. கடைசியில் பரணில் கிடந்த பாட்டி காலத்து மணை இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் காலை வைத்தேன். செலவு பூஜ்யம்!

அப்புறம் கைப்பிடி. அது மேஜை விளிம்பில் இடித்தால் நாற்காலி உள்ளே போகாது, நீங்கள்தான் முன்னால் குனிவீர்கள். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லமாட்டார். டேப்போடு போங்கள்.

மடிக்கணினியை அப்படியே வைப்பது

திரையை உயர்த்தினால் கை தூக்கும், விசைப்பலகையைத் தாழ்த்தினால் கழுத்து தொங்கும். இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குத் தனி விசைப்பலகை கிடைக்கும். மடிக்கணினிக்கு அடியில் நாலு தடிப் புத்தகம் போதும்.

மரத்த கைக்குத் தைலம்

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால், மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்துகிறதோ என்று சந்தேகப்படுங்கள். தைலம் அதுவரை போகாது. ராத்திரி கையை உதறிக்கொண்டு எழுந்தால், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏசி காற்று முகத்தில்

இடம் மாறுங்கள். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதே குறைவு; காற்றும் சேர்ந்தால் கண் உலர்ந்துபோகும்.

எல்லோருக்கும் ஒரே திரை உயரம்

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மேல்பாதியில் தூரத்தையும் கீழ்ப்பாதியில் கிட்டத்தையும் பார்க்கும் பைஃபோகல் கண்ணாடி போட்ட எங்கள் கணக்காளர் அதை நம்பித் திரையை உயர்த்திவிட்டார். கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் படிக்க ஒரு மாதம் மோவாயைத் தூக்கியே இருந்திருக்கிறார், பாவம். அவருக்குத் திரை இறங்க வேண்டும். இன்னும் என்னைப் பார்த்தால் கழுத்தைத் தடவிக்கொள்கிறார்.