இ-ரீடரைக் கையில் பிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் என் அக்கா மகள் மின்னூல்கள் படிப்பதற்கான கையடக்கக் கருவியான இ-ரீடர் ஒன்றைப் புதிதாக வாங்கினாள். அதன் கீழ்மூலையை ஒரே கையால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலை நீட்டி நீட்டி அவள் பக்கம் புரட்டுவதைக் கண்டதும், என் மணிக்கட்டைப் பல வாரங்கள் முடக்கிப்போட்ட பழைய தவறு கண்முன் வந்து நின்றது. இருட்டில் படிக்காதீர்கள், கூன் போடாதீர்கள் என்பனவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூலையைக் கிள்ளிப் பிடித்தல்

2021இல் வந்த கிண்டில் பேப்பர்வைட் என்ற இ-ரீடரின் எடை 205 கிராம்தான். கையில் எடுத்தவுடன் அது ஒரு பாரமாகவே தெரியாது. ஆனால் அந்த எடையின் மையம் கருவியின் நடுவில் இருக்க, நாம் பிடிப்பதோ ஒரு மூலையை. ஆகவே மறுமூலை ஓயாமல் கீழே சாயப் பார்க்கிறது, அதைச் சாயவிடாமல் நிறுத்தும் வேலை முழுவதும் கட்டைவிரலின் தலையில் விழுகிறது. அச்சுப் புத்தகத்தில் பக்கம் புரட்ட மறுகை வரும், பிடி மாறும், கைக்கு நொடிப்பொழுதாவது ஓய்வு கிடைக்கும். இ-ரீடரில் ஒரு மணி நேரமானாலும் அதே பிடிதான்.

நான் 1,000 பக்க நாவல் ஒன்றை இரண்டு வாரங்கள் இப்படியே படித்தேன். கட்டைவிரலின் அடியில் முதலில் தோன்றிய இலேசான இழுப்பை, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு காலையில் டப்பாவின் மூடியைத் திருகப் போனபோது மணிக்கட்டின் ஓரத்தில் சுரீரென்று வலித்தது. டப்பா கைநழுவி விழுந்தது. மருத்துவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கட்டைவிரலை நீட்டவும் விலக்கவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே குறுகிய குழலுக்குள் ஓடுகின்றன. அக்குழல் தடித்துவிட்டால் அவை தடையின்றி நகர முடியாமல் வலி உண்டாகிறது. 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வானின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. ஆறு வாரங்கள் பட்டை அணிந்திருந்தேன். நாவலின் கடைசி நூறு பக்கங்கள் அப்படியே கிடந்தன.

விரல்நுனிகளில் கருவி மிதப்பதுபோலக் காட்டும் விளம்பரப் படங்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. எடையை மேசையோ மடியோ தாங்க வேண்டும். கை அதைச் சாயாமல் அணைத்திருந்தால் போதும். மடியில் தலையணை வைத்து அதன்மேல் கருவியைச் சாய்த்து, பக்கம் புரட்டுவதை மறுகையின் சுட்டுவிரலிடம் விட்டுவிடுங்கள். ஒரு கையால்தான் பிடித்தாக வேண்டுமென்றால், பின்புறம் விரல்களை நுழைத்துக்கொள்ளும் எலாஸ்டிக் பட்டை உதவும். அப்போது கருவி உள்ளங்கையில் அமரும், கிள்ள வேண்டிய தேவை இராது. கோபோ லிப்ரா போலப் பக்கம் புரட்டப் பொத்தான் உள்ள கருவிகளில் திரையைத் தலைகீழாகத் திருப்பி இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

கனத்த உறையோடு படித்தல்

என் கருவியை உறையோடு சேர்த்துத் தராசில் வைத்தபோது 330 கிராம் காட்டியது. உறை பைக்குள் இருக்கும்போது திரையைக் காக்கட்டும், படிக்கும்போது கழற்றிவிடுங்கள்.

மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தல்

வேண்டாம்.

எழுத்தைச் சிறிதாக வைத்தல்

பக்கத்தில் நிறைய வரிகள் அடங்கட்டும் என்று எழுத்தைச் சுருக்குபவர்கள், தம்மை அறியாமலே கருவியை முகத்தருகே கொண்டுவருகிறார்கள். அதற்காக முழங்கை வெகுநேரம் மடங்கியே இருக்கிறது; முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பு அழுந்தி, மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. எழுத்தை இரண்டு படி பெரிதாக்கினால் கருவி தானாகவே மடிக்கு இறங்கிவிடும். பக்கங்களை அடிக்கடி புரட்ட வேண்டியிருக்கும் என்பது உண்மைதான்; அதனால்தான் அந்த வேலையை மறுகையிடம் கொடுக்கச் சொன்னேன்.

பெரிய திரையைக் கையில் ஏந்துதல்

2022இல் வெளிவந்த கிண்டில் ஸ்கிரைபின் எடை 433 கிராம். அதன் இடம் மேசைத் தாங்கி.

வலித்த பிறகும் அத்தியாயத்தை முடித்தல்

கட்டைவிரலின் அடியில் இழுப்பு தெரிந்த வரியிலேயே கருவியைக் கீழே வையுங்கள். விட்ட பக்கத்தை அது நினைவில் வைத்திருக்கும்.