பழைய ஜீப்பின் முன்பக்கம் உதறுகிறதா? பாகம் வாங்கும் முன் கை வைத்துப் பாருங்கள்

என்னிடம் ஒரு பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. மதுரையில் ஊமச்சிகுளம் தாண்டி நத்தம் ரோட்டில் 50, 55 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும், ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், முன்பக்கம் முழுக்க உதறும். ஸ்டீயரிங் கையில் நிற்காது. வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். பட்டறைகளில் இதை வோப்ளிங் என்பார்கள். ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்கிக் கொடுத்தார்கள். உதறல் போகவில்லை. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் போனதுதான் மிச்சம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவிலும் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து நேராக்கினேன். கோளாறு பாக்ஸில் இல்லவே இல்லை, பாக்ஸின் அசைவைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கின் முனையில் இருந்தது.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கூட ஒரு ஆள், அரை மணி நேரம், மூட்டுமேல் வைத்த விரல், அவ்வளவுதான். புதிதாகப் பழைய ஜீப் வாங்கியவர்கள் தாங்களே செய்யக்கூடிய மாதிரி அந்த முறையை எழுதுகிறேன். முன்பக்கம் முழு ஆக்ஸிலும் கமான் பட்டையும் உள்ள ஜீப்புகளுக்கு இது பொருந்தும்.

முதலில் டயர்

காசில்லாத வேலை, அதனால் இதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு முன் டயரிலும் காற்று ஒரே அளவில் இருக்கிறதா பாருங்கள். பிறகு ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மழை நாளில் ஓட்டினால், அந்த மண் ரிம்முக்குள் அப்பிக் காய்ந்து கல்லாகிவிடும். அந்த எடையே சக்கரத்தை உதற வைக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரால் சுரண்டித் தண்ணீர் அடித்தாலே சரியாகிற வண்டிகள் உண்டு.

அடுத்து, உள்ளங்கையை டயரின் பட்டன்மேல், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகள்மேல், குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் பட்டால் சக்கரங்களின் நேர் தப்பியிருக்கிறது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர், வீல் பேரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

வண்டி தரையில் நிற்கும்போதே செய்ய வேண்டியது

ஜாக்கியை இப்போது தொடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். வண்டியின் எடை டயரில் இருந்தால்தான் ஸ்டீயரிங் ஆட்டும்போது ஒவ்வொரு மூட்டிலும் எதிர் அழுத்தம் வரும், லூஸும் வெளியே தெரியும். இன்னொன்று, சோதனைக்கு முன் கிரீஸ் அடிக்க வேண்டாம். புதுக் கிரீஸ் சின்ன ஆட்டத்தை மூடி மறைத்துவிடும்.

என் தங்கச்சி மகனை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தேன். "சக்கரம் திரும்பணும்னு இல்ல. இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆட்டு, நிறுத்தாம ஆட்டு" என்று சொல்லிவிட்டு நான் கீழே படுத்தேன். சக்கரம் அசையத் தொடங்கும்வரை ஸ்டீயரிங் எவ்வளவு வெறுமனே சுற்றுகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 30 டிகிரி வரை அனுமதிக்கின்றன. 40 சென்டிமீட்டர் அகல ஸ்டீயரிங்கில் அது 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அது சட்டத்தின் கடைசி எல்லை. என்னைக் கேட்டால், மூன்று விரல் அகலத்தைத் தாண்டினாலே தேடத் தொடங்க வேண்டும்.

தேடும் வரிசை முக்கியம். ஸ்டீயரிங் பாக்ஸில் தொடங்கிச் சக்கரம்வரை மூட்டு மூட்டாகப் போங்கள். பாக்ஸ் சேஸியோடு சேரும் போல்ட்டுகள் அசைகின்றனவா, அந்த இடத்துச் சேஸியில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பாக்ஸிலிருந்து இறங்கும் பிட்மன் ஆர்ம், அதிலிருந்து போகும் டிராக் லிங்க், மிகப் பழைய வண்டியானால் நடுவில் அசைவைத் திசை திருப்பிவிடும் பெல் கிராங்க், கடைசியாக இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராட்டின் முனைகள்.

ஒவ்வொரு மூட்டிலும் விரலைக் குறுக்காக வையுங்கள். பாதி விரல் ஒரு பாகத்திலும் பாதி அடுத்த பாகத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நலம். ஒன்று முதலில் நகர்ந்து, மற்றது ஒரு நொடி தாமதித்து, விரலுக்கடியில் 'டொக்' என்று தட்டினால் அங்கேதான் தேய்மானம். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. இடுக்கில் மட்டும் விரலை நுழைக்காதீர்கள். என் வண்டியில் டிராக் லிங்க் முனையில் கை வைத்ததும் அந்தத் தட்டு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மேலே இருந்தவனே "மாமா, அங்க என்னமோ அடிக்குது" என்றான்.

சில பழைய ஜீப்புகளில் டிராக் லிங்க் முனையைக் கழற்றலாம். உள்ளே குண்டைப் பிடிக்கும் இரு கிண்ணங்கள், ஒரு ஸ்பிரிங், வெளியே ஒரு திருகு மூடி, அது கழலாதிருக்க ஒரு ஸ்பிலிட் பின். தேய்மானம் குறைவாக இருந்தால் மூடியை இறுக்கிக்கொள்ளலாம். கல் போல முடுக்கிவிடாதீர்கள், சற்றுத் தளர்த்திப் பின்னைப் போடுங்கள். குண்டே முட்டை போலத் தேய்ந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. டை ராட் முனை அப்படியல்ல, ஆட்டம் வந்தால் மாற்றவே வேண்டும். அதன் ரப்பர் உறையையும் கவனியுங்கள். கண்மாய்க் கரையில் ஓட்டுகிறவர்களுக்குச் சீமைக் கருவேல முள் அதைக் கிழித்துவிடும். பிறகு மண்ணும் தண்ணீரும் போய் மூட்டைத் தின்றுவிடும்.

இப்போது ஜாக்கி

ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள்.

டயரை உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங்கா, சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சான கிங் பின்னா என்ற கேள்வி வரும். இரண்டையும் பிரித்தறிய நல்ல வழி உண்டு. கூட இருப்பவரைப் பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். அப்போதும் ஆடினால் கிங் பின். நான்கு சக்கர இயக்க ஜீப்பில் கிங் பின்னுக்கு மேலும் கீழும் டேப்பர் பேரிங் இருக்கும், மெல்லிய ஷிம் தகடுகளால் அதன் இறுக்கத்தைச் சரி செய்வார்கள். இரண்டு சக்கர இயக்கமானால் பெரும்பாலும் பின்னும் புஷ்ஷும்தான். வோப்ளிங்குக்குக் கிங் பின் லூஸ் மிகப் பெரிய காரணம், அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அப்படியே சக்கரத்தைக் கையால் சுற்றி, மறு கையைக் கமான் பட்டைமேல் வையுங்கள். பேரிங் கரகரத்தால் பட்டை வழியாக அது கைக்கு வந்து சேரும்.

கமான் பட்டை

பிரேக் பிடிக்கும்போது முன்னால் 'டங்' என்று சத்தம் வந்தால் இங்கே தேடுங்கள். பட்டையின் அசையும் முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டுதான் ஷேக்கிள். டயர் லிவரை அதன் புஷ் அருகே கொடுத்து நெம்புங்கள், புஷ் தளதளவென்று ஆடினால் போய்விட்டது. பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைச் சுற்றித் துருப்பொடியோ பளபளப்பான கோடோ தெரிந்தால், பட்டை அங்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தால், பட்டையின் நிலையான முனையிலிருந்து ஆக்ஸில்வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் உடைந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கலாம்.

உயரத்துக்காக நீளமான ஷேக்கிள் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேக்கிள் முன்பக்கம் உள்ள ஜீப்பில் அது ஆக்ஸிலை முன்னோக்கிச் சாய்த்து, சக்கரத்தைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் பின்சாய்வான கேஸ்டர் கோணத்தைக் குறைக்கும். மூட்டுகள் எல்லாம் புதிதாக இருந்தாலும் உதறல் வரும்.

ஷாக் அப்சார்பர் மாதிரியான ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை மாட்டிவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது உதறலை அமுக்கும், தேய்ந்த மூட்டு அப்படியே தேய்ந்துகொண்டிருக்கும். அந்த மூட்டு கழன்றால் சக்கரத்துக்கும் உங்கள் கைக்கும் தொடர்பே இருக்காது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பாகம் மாற்றிய பின்

ஸ்பிலிட் பின் எப்போதும் புதிது போடுங்கள். நட்டின் வெட்டு துளைக்கு நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்குங்கள், தளர்த்தி நேராக்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் நேர் பார்ப்பது. வீட்டிலேயே பார்க்க, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியபடி டயரின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இறக்கி, கொஞ்சம் முன்னே தள்ளி, இரண்டு டயர் கோடுகளுக்கு இடையே ஆக்ஸில் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் அளங்கள். முன் அளவு ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இதற்குப் பிறகும் ஸ்டீயரிங் வெறுமனே சுற்றினால்தான் பாக்ஸைத் திறக்கும் வேலை.

யூ போல்ட் கழற்றி மாட்டியிருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரோடு ஒரு தடவை கீழே படுங்கள். என் வண்டியில் நான்கு நட்டும் கால் சுற்று எடுத்துக்கொண்டன.