கியர் ஒயிலை மாற்ற முன்

போன கிழமை கராஜில் புதிதாகச் சேர்ந்த தம்பி, கியர் ஒயிலின் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்த வெள்ளைத் துணியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அண்ணை, கறுத்துப்போச்சு. வடிச்சுவிடட்டே?" அதற்குள் ஒயில் வடிக்கும் நட்டில் ஸ்பனரும் ஏறிவிட்டது. கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த அவசரம் ஒருகாலத்தில் என்னிடமும் இருந்ததுதான்.

நட்டை இறுக்க மறப்பது, வொஷரைத் தொலைப்பது எல்லாம் ஒருநாள் ஏச்சு வாங்கினால் திருந்திவிடும். அவற்றை விடுவோம். ஓட்டோ கியர், அதாவது தானாக மாறும் கியர் உள்ள காரில் ஒயில் மாற்றும்போது விடும் பெரிய பிழைகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

எல்லா ஓட்டோவுக்கும் ஒரே சிவப்பு ஒயில்

தொழில் தொடங்கிய புதிதில் ஹொண்டா ஃபிட் ஏரியா என்ற கார் ஒன்று வந்தது. காரில் ஒரு குறையும் இல்லை. கொழும்புக்கு 400 கிலோமீற்றர் ஓட வேண்டும், எதற்கும் கியர் ஒயிலை மாற்றிவிடுங்கள் என்றார் சொந்தக்காரர். அதற்கு வேண்டியது எச்எம்எம்எஃப் என்ற ஹொண்டாவின் தனி ஒயில். யாழ்ப்பாணத்தில் அன்று அகப்படவில்லை. கொழும்பிலிருந்து வர நாலு நாள். ஒரு கடைக்காரர் சிவப்பு ஒயில் கானைத் தூக்கி வைத்து, "எல்லா ஓட்டோவுக்கும் போகும்" என்றார். நானும் ஊற்றினேன்.

ஏரியாவில் இருப்பது சிவிடி, படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் ஓட்டோ கியர். உள்ளே இரண்டு கப்பிகள், அவற்றுக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டி. பட்டி வழுக்கினால் கப்பி கீறுப்படும். இரும்பில் இரும்பு பிடிக்கவும் வேண்டும், தேயவும் கூடாது. அதற்கென்றே செய்தது சிவிடி ஒயில். சாதாரண ஓட்டோ ஒயில் கிளச் தட்டுகளுக்கானது. பெயர்கூட ஏமாற்றும்: டொயோட்டா விட்ஸ் காரில் பழையதில் சாதாரண ஓட்டோ, பிந்தியதில் சிவிடி.

கார் கொழும்பு போய் வந்தது. வந்த பிறகு, சந்தியில் நின்று எடுக்கும்போதெல்லாம் குளிர்காய்ச்சல்காரனைப்போல நடுங்கியது. சரியான ஒயிலை வரவழைத்து இரண்டு தடவை மாற்றினேன். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. கடைசியில் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய கியர்பொக்ஸ் ஒன்று எடுத்தோம். பாதிக் காசு என் கையிலிருந்து போனது.

இன்றைக்கும் எரிச்சல் காசுக்காக அல்ல. நான் வடித்து எறிந்த பழைய ஒயில், ஊற்றிய புதியதைவிட எத்தனையோ மேல். சரியான ஒயில் கைக்கு வராவிட்டால் மாற்றவே வேண்டாம். நாலு நாளில் பழசு ஒன்றும் செத்துவிடாது. கையேடு யப்பான் மொழியில் இருந்தால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஒயிலின் குறியீட்டைக் கேளுங்கள். சில டிப்ஸ்டிக்குகளின் பிடியிலேயே அது பொறித்திருக்கும்.

மீற்றரை நம்புவது

ஒயில் மாற்றும் காலத்தை மீற்றர் காட்டும் கிலோமீற்றரை மட்டும் வைத்துக் கணிக்காதீர்கள், மீற்றரைத் திருப்பியிருக்கலாம். பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

ஒயிலை மருந்தாக்குவது

கியர் விழப் பிந்துகிறது, என்ஜின் இரைகிறது, கார் நகரவில்லை, ஒயிலில் கருகிய மணம். இப்படியென்றால் பெரும்பாலும் கிளச் தட்டு தேய்ந்துவிட்டது. புது ஒயில் அதை வளர்க்காது. சொந்தக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால், "நீ மாத்தினாப் பிறகுதான் போனது" என்ற பழி உங்கள் தலையில்.

'வாழ்நாள் ஒயில்'

மாற்றவே தேவையில்லை என்று சொல்லப்படும் ஒயில். ஆனால் யாருடைய வாழ்நாள்?

ஒரே தடவையில் முழுதும் மாறிவிடும் என்பது

டோர்க் கொன்வேட்டர், அதாவது என்ஜினின் சுழற்சியை ஒயில் வழியே கியருக்குக் கடத்தும் பாகம், உள்ள கியர்பொக்ஸில் நட்டைக் கழற்றினால் பலவற்றில் பாதிகூட வராது. மீதி கொன்வேட்டருக்குள்ளும் மற்ற இடுக்குகளிலும் நிற்கும். ஆகவே வடித்து, நிரப்பி, கொஞ்ச நாள் ஓடவிட்டுத் திரும்ப வடிப்பதுதான் என் வழக்கம்.

தம்பி காட்டிய துணியை மணந்து பார்த்தேன். கருகல் இல்லை, கியரும் நேராக விழுகிறது. சரியான ஒயில் நேற்றுத்தான் வந்தது. வடித்ததை அளவுப் போத்தலில் பிடித்து வைத்திருக்கிறான். அதே அளவை முதலில் ஊற்றி, பெட்டி கையேட்டில் சொன்ன சூட்டுக்கு வந்த பிறகு மட்டம் பார்க்க வேண்டும்.